வராதவர் எழுதிய தேர்வு

பட்டம் வாங்குவதற்கு எட்டு வருஷம் முன்னாலேயே அவனுக்கு டிகிரி என்று பெயர் வந்துவிட்டது. ராணுவ வாகனப் பட்டறையில் அவன் மெக்கானிக். ஒருநாள் அவன் பேருக்குத் தபாலில் ஒரு கனமான பொட்டலம் வந்தது. பிரித்தால் உள்ளே ஐந்து கணக்குப் புத்தகங்கள். அஞ்சல் வழியில் பி.எஸ்சி. கணிதம். பக்கத்தில் நின்ற பட்டறை சார்ஜென்ட் ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் விரித்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். "எப்படிப் பிடிச்சாலும் எனக்கு ஒரே மாதிரிதான்பா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் ஒரு ஜீப்பின் ரேடியேட்டர் கொதித்துப் புகை கக்கியது. "டிகிரியைக் கூப்பிடுங்க, எத்தனை டிகிரியில கொதிக்குதுன்னு அவன் சொல்லுவான்" என்றார் சார்ஜென்ட். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பட்டறையில் யார் வாயிலும் அவனுடைய சொந்தப் பெயர் வரவில்லை.

படிக்கும் யோசனை அவனுடையது அல்ல, மனைவியுடையது. லீவு முடிந்து கிளம்பும் நாள் காலையில், அவனுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, நாம ரெண்டு பேரும் காலேஜ்ல சேரலாமா?"

"இந்த வயசுலயா?"

"உங்களுக்கு இருபத்தெட்டு, எனக்கு இருபத்தஞ்சு. என்னமோ பல்லு போன மாதிரி பேசறீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. ஒரு வயது மகள் அவள் முதுகில் தொற்றிக்கொண்டு முடியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"வாரத்துக்கு ஒரு போன். சாப்டீங்களா, சாப்டேன், பாப்பா தூங்கறா, மழை பெய்யுதான்னு இதையே எத்தனை வருஷம் பேசறது? அப்புறம் ஒருநாள் இதுக்கும் விஷயம் இல்லாம போயிடும். ஒரே பாடத்தைப் படிச்சா, பேச ஏதாவது இருக்கும்ல?"

இருவருமே பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். இருவருக்கும் கணக்கு நன்றாக வரும். பள்ளியில் அவளுக்குத்தான் மதிப்பெண் அதிகம் என்பது கல்யாணமான புதிதிலேயே மதிப்பெண் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவான விஷயம். இருவரும் சேர்ந்தார்கள். வாரத்துக்கு ஒரு பாடம், அவன் முகாமிலும் அவள் வீட்டிலும். ஞாயிற்றுக்கிழமை போனில் அந்தப் பாடத்தைப் பேசுவது. அதுதான் ஒப்பந்தம்.

முகாமுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. காவலர் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் ஒரு தொலைபேசி. ஆளுக்குப் பத்து நிமிஷம். வெளியே வரிசை. கூண்டுக்குக் கதவு உண்டு, ஆனால் மூடாது.

படிப்பதற்கு இடம் தேடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. அவன் படுக்கும் கூடத்தில் முப்பத்திரண்டு கட்டில்கள். ஒரு மூலையில் சீட்டாட்டம், இன்னொரு மூலையில் ரேடியோ, நடுவில் யாராவது பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டு பாடுவான். பட்டறைக்குப் பின்னால் கண்டமான, இனி ஓடாதென்று ஒதுக்கிய ஒரு லாரி நின்றது. எஞ்சின் கிடையாது, நான்கு சக்கரமும் கிடையாது. செங்கல் அடுக்கி அதன்மேல் உட்கார வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரமும், சாயங்காலம் வேலை முடிந்து வெளிச்சம் போகும் வரையும் டிகிரி அதன் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வான். ஸ்டியரிங் மேல் புத்தகத்தைச் சாய்த்து வைத்தால் கச்சிதமாக நிற்கும். எங்கேயும் போகாத வண்டியில் உட்கார வேறு யாருக்கும் தோன்றவில்லை. அதனால் தொந்தரவும் இல்லை.

கணக்கைத் தனியாகப் படிப்பது ஒரு தினுசான தனிமை. கதைப் புத்தகம் என்றால் புரியாத பக்கத்தைத் தள்ளிவிட்டு மேலே போகலாம். கணக்கில் ஒரு வரி புரியாவிட்டால் அந்த வரியிலேயே நிற்க வேண்டியதுதான். பக்கத்தில் கேட்க ஆள் கிடையாது. பல்கலைக்கழகத்துக்கு ஒரு சந்தேகத்தை எழுதிப் போட்டான். ஐந்து மாதம் கழித்து, 'தங்கள் கடிதம் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. உரிய பிரிவு எது என்பது கடைசி வரை தெரியவில்லை.

பகுப்பாய்வு என்ற பாடம் அவனை ஆரம்பத்திலேயே கவிழ்த்துப் போட்டது. ஒரு தொடர்வரிசையின் எல்லை என்றால் என்ன என்ற முதல் பக்கத்தில் மூன்று வாரம் நின்றான். கடைசியில் போனில் மனைவிதான் அதை உடைத்துக் கொடுத்தாள்.

"இதைச் சண்டை மாதிரி நினைச்சுக்கோங்க. நான் ஒரு தூரம் சொல்லுவேன். அதுக்குள்ள வந்துட்டேன், இனிமே வெளிய போக மாட்டேன்னு நீங்க காட்டணும். காட்டிட்டீங்கன்னா, அதைவிடக் கம்மியா ஒரு தூரம் சொல்லுவேன். அதுக்குள்ளயும் வரணும். நான் எவ்வளவு கம்மியா சொன்னாலும் நீங்க வந்து காட்டணும். அவ்வளவுதான் எல்லை."

"சரி, ஆனா கடைசியில தொடணுமா, வேண்டாமா?"

"தொடணும்னு அவசியமே இல்லை. கிட்ட வந்துட்டே இருந்தா போதும்."

கூண்டுக்கு வெளியே வரிசையில் நின்றவன் தலையை உள்ளே நீட்டினான். "என்ன டிகிரி, பொண்டாட்டி கிட்ட போறதுக்கு இவ்வளவு கணக்கா? லீவு எழுதிக் கொடுத்துட்டு ரயில் ஏறுவியா!" வரிசை முழுக்கச் சிரித்தது. போனில் அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது.

முதல் வருஷம் இருவரும் எல்லாத் தாளிலும் தேறினார்கள். அந்த ஒரு வருஷம்தான் நன்றாக இருந்தது என்று பிற்பாடு அவன் நினைத்துக்கொள்வான்.

இரண்டாம் வருஷ நடுவில் அவர்களுடைய படைப்பிரிவு மொத்தமாக வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. கட்டில், கருவி, ஆள், சமையல் பாத்திரம் எல்லாம் வண்டியில் ஏறின. எஞ்சின் இல்லாத லாரி மட்டும் அங்கேயே நின்றது. புது இடத்திலும் போனுக்கு ஒரு கூண்டும் வரிசையும் உண்டு. தகரக் கொட்டகைதான் பட்டறை. காற்று அடித்தால் கூரை முழுக்கத் தடதடக்கும். புத்தகங்கள் பழைய முகவரிக்குப் போய், அங்கிருந்து ஆற அமரப் புறப்பட்டு வந்து சேரும். தேர்வு நேரத்தில் எல்லாருடைய லீவும் ரத்தானது. அதற்கு அடுத்த வருஷமும் அதே கதை. யாரைக் குறை சொல்வது? எல்லாருக்கும்தான் ரத்து. ஒருவனுக்குத் தங்கை கல்யாணமே போயிற்று. அதன் நடுவில் தேர்வு என்று வாய் திறக்கவே டிகிரிக்குக் கூச்சமாக இருந்தது.

அவள் நிற்கவில்லை. நிற்க வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். மூன்றாம் வருஷ முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பாஸ் பண்ணிட்டேங்க. முதல் வகுப்பு" என்றாள். அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம். வாய் நிறையப் பாராட்டினான். வரிசையில் நின்றவர்களிடமும் சொன்னான். பிறகு ஆளில்லாத பட்டறைக்குப் போய் ஸ்பேனர் பெட்டியைத் திறந்து, சின்னதிலிருந்து பெரியது வரை எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக அடுக்கினான். அவை ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன.

அடுத்த வருஷம் அவள் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சரானாள். போனில் இப்போது அவளிடம் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. தலைமை ஆசிரியை என்ன சொன்னார், ஏழாம் வகுப்பில் யார் யாரைக் கடித்தான், எந்த டீச்சர் யாரோடு பேசுவதில்லை. அவன் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் பக்கத்தில் சொல்ல என்ன இருக்கிறது? கியர் பாக்ஸ் இறக்கினோம், கியர் பாக்ஸ் ஏற்றினோம். பாடத்தைப் பற்றி அவள் கேட்டால், "படிச்சிட்டிருக்கேன்" என்பான். சந்தேகம் கேட்பதை நிறுத்திவிட்டான். இருவருமாகத் தட்டுத் தடுமாறுகிற வரை சந்தேகம் கேட்பது சுகமாக இருந்தது. டீச்சரிடம் மாணவனாகக் கேட்க ஏனோ நாக்கு வரவில்லை.

ஆனால் படிப்பதை விடவில்லை. ஐந்தாம் வருஷம் எட்டு நாள் லீவு கிடைத்தது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள், நடுவில் பாக்கியிருந்த மூன்று தாள். வீடு அந்த ஊரிலிருந்து எதிர்த் திசையில் இன்னும் ஒரு நாள் பயணம். அதனால் வீட்டுக்குப் போக வழியில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள். தேர்வு அனுமதிச் சீட்டு மட்டும் வரவில்லை. பழைய முகாமில் ஏதோ மேசை இழுப்பறையில் அது கிடந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் அதற்குக் கால் முளைத்தது. மையத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று ரயிலேறிவிட்டான்.

மையத்தின் வாசலில் கண்காணிப்பாளர் அம்மா பட்டியலைப் பார்த்தார். "உங்க பேர் இருக்கு சார். ஆனா சீட்டு இல்லாம உள்ள விட எனக்கு அதிகாரம் இல்லை."

"ராணுவ அடையாள அட்டை இருக்கும்மா. படம் இருக்கு, கையெழுத்து இருக்கு."

"அதை வெச்சுக்கிட்டு நீங்க நாட்டையே காக்கலாம் சார். இந்த ஹாலுக்குள்ள வர முடியாது." சொல்லிவிட்டு அவருக்கே கஷ்டமாகிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நகல் சீட்டு வேணும்னா தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போடணும். வர நாலு நாள் ஆகும். அதுக்குள்ள தேர்வு முடிஞ்சுடும். நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க?"

மணி அடித்தது. கதவைச் சாத்தினார்கள். டிகிரி வாசல் படியில் உட்கார்ந்தான். உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம், பிறகு சத்தமே இல்லை. எழுந்து எங்கே போவதென்று தெரியவில்லை. முகாமுக்குச் சீக்கிரமாகத் திரும்பினால் ஏன் என்று கேட்பார்கள். வீட்டுக்குப் போனாலும் கேட்பார்கள். மூன்று மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தான். முதலில் வெளியே வந்த பெண்ணிடம், "கேள்வித்தாளைக் கொடுக்கறீங்களா? எனக்கு வேணும்" என்றான். "தாராளமா எடுத்துக்கோங்க சார், அதைப் பார்த்தாலே எரிச்சலா வருது" என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். படித்துப் பார்க்கவில்லை. லாட்ஜ் அறைக்கு வந்து முகம் கழுவினான். கீழே போய் மேனேஜரிடம் வெள்ளைத்தாள் வாங்கி வந்தான். மேசைக்கு ஒரு கால் குட்டை, பழைய செய்தித்தாளை மடித்து அதன் அடியில் முட்டுக்கொடுத்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தான். தாளின் இடப்பக்கம் ஓரம் விட்டுக் கோடு போட்டு, மேலே தன் பதிவு எண்ணை எழுதினான். சரியாக இரண்டு மணிக்குக் கேள்வித்தாளைப் பிரித்தான்.

ஐந்து மணி வரை எழுதினான். நடுவில் எழுந்திருக்கவில்லை, புத்தகப் பைப் பக்கம் திரும்பவில்லை. ஐந்து மணிக்கு ஒரு கணக்குப் பாதியில் நின்றது. இன்னும் இரண்டு நிமிஷம் எழுதினால் முடிந்திருக்கும். பார்க்க யாருமில்லை. "நேரம் முடிஞ்சுது, பேனாவை வைங்க" என்று வாய்விட்டுச் சொன்னான். வெற்று அறையில் தன் குரலைக் கேட்டதும் அவனுக்கே என்னவோ போலிருந்தது. பேனாவை வைத்துவிட்டான்.

அடுத்த இரண்டு நாளும் அப்படியே. காலையில் மையத்தின் வாசலில் காத்திருப்பான், கேள்வித்தாளோடு திரும்புவான், மதியம் எழுதுவான். மூன்றாம் நாள் பகுப்பாய்வின் இரண்டாம் தாள். அதையும் எழுதி முடித்து, எல்லாவற்றையும் பழுப்பு உறைக்குள் போட்டு, யாரிடம் கொடுப்பதென்று ஒரு கணம் சுற்றிப் பார்த்தான். பிறகு பெட்டிக்குள் வைத்தான். அன்றைக்குக் கீழே மேனேஜர் மேசையிலிருந்த போனில் வீட்டுக்குப் பேசினான்.

"எப்படி எழுதினீங்க?"

"நல்லாவே எழுதினேன்."

அது பொய் என்று அவனுக்குத் தோன்றவில்லை. ரயிலில் ஏறி ஒரு இரவு கழிந்த பிறகுதான் தோன்றியது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. போனை எடுத்தவுடனே அவள் குரல் வேறு மாதிரி இருந்தது.

"பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்ல உங்க நம்பரைப் போட்டுப் பார்த்தேன். மூணு தாளுக்கும் 'வரவில்லை'ன்னு இருக்கு. அவங்க தப்பாப் போட்டுட்டாங்களா?"

இப்போது ஒரு 'ஆமா' சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். வரிசையில் யாரோ இருமினார்கள்.

"தப்பு இல்லை" என்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சீட்டு, படி, வெள்ளைத்தாள், குட்டைக்கால் மேசை. "டிகிரி, நேரமாச்சு" என்று வெளியே இரண்டு முறை குரல் வந்தது.

"அந்தப் பேப்பரெல்லாம் எங்க?"

"பெட்டியில இருக்கு."

"எனக்கு அனுப்புங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

மூன்று வாரத்தில் உறை திரும்பி வந்தது. பக்கம் பக்கமாகச் சிவப்பு மை. ஒவ்வொரு அடிக்கும் சரி, தவறு, ஓரத்தில் மதிப்பெண். முதல் தாளுக்கு அறுபத்தொன்று. இரண்டாவதுக்கு ஐம்பத்து நான்கு. பகுப்பாய்வுக்கு இருபத்தொன்பது. தேற நாற்பது வேண்டும். 'முதல் வரி சரி. கடைசி வரியும் சரி. நடுவில் இருப்பதை ஏன் விட்டீர்கள்? தாவக் கூடாது' என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் நான்கு வரி:

'நீங்கள் எழுத முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் படியில் மூன்று நாள் தனியாக உட்கார்ந்ததை என்னிடம் மறைத்தீர்களே, அதுதான். அந்த மூன்று நாளும் பள்ளிக்கு விடுமுறை. ஒரு போன் செய்திருந்தால் நானும் இங்கே ஒரு மேசையில் உட்கார்ந்து கூடவே எழுதியிருப்பேன்.'

உதிரிப்பாகங்கள் வைக்கும் அறையில் நின்று அதை நான்கு முறை படித்தான். உள்ளே வந்த சார்ஜென்ட் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"வீட்டுக் கடுதாசியா? ஏன் இப்படி நிக்கற? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். பொண்டாட்டி என்னை ஃபெயில் பண்ணிட்டா."

சார்ஜென்ட் தாளை வாங்கிச் சிவப்பு மையைப் புரட்டிப் பார்த்தார். "எல்லார் வீட்டுலயும் அதுதான்பா நடக்குது. உனக்குக் கைப்பட எழுதியே கொடுத்திருக்கா" என்று தோளில் தட்டிவிட்டு, ஒரு பெல்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. அவனே சந்தேகம் கேட்டான். கேட்கக் கூச்சமாக இருந்தால், "கூச்சமா இருக்கு" என்று அதையும் சொன்னான். அடுத்த வருஷம் சீட்டு ஒழுங்காக வந்தது. இரண்டு தாள் தேறினான். பகுப்பாய்வில் முப்பத்தொன்று. அதற்கடுத்த வருஷம் முப்பத்தெட்டு. அந்த முப்பத்தெட்டு வந்த வாரம் யாரோடும் பேசாமல் வண்டிகளுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தான். வண்டிக்கு அடியில் இருக்கிறவனிடம் யாரும் ஏன் பேசவில்லை என்று கேட்க மாட்டார்கள்.

எட்டாம் வருஷம் போனில் அவள் எண்ணைப் படித்தாள். "நாற்பத்து மூணு."

அவன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"ஏங்க, கேக்குதா?"

"இன்னொரு தடவை படி."

"நாற்பத்து மூணு. நாற்பத்து மூணுங்க."

கூண்டை விட்டு வெளியே வந்தபோது வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் புதுப் பையன்கள். பழைய ஆட்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள், சார்ஜென்ட் ஓய்வு பெற்றுவிட்டார். பட்டறை பூட்டியிருந்தது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. முகாம் வாசல் வரை நடந்து, காவலுக்கு நின்றவனிடம், "பாஸ் ஆயிடுச்சு" என்றான்.

"வெளிய போறதுக்கா? கையெழுத்து வாங்கியிருக்கீங்களா? காட்டுங்க" என்றான் காவல்காரன்.

"ஒண்ணுமில்ல, அப்புறம் பார்க்கலாம்" என்று திரும்பிவிட்டான்.

பட்டத்தால் பதவி உயர்வு வரவில்லை. தொழில்நுட்பப் பயிற்சியாளர் வேலைக்குப் பட்டம் வேண்டும், அது இருந்தது. வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும், அது போன வருஷமே தாண்டிவிட்டது. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்த எழுத்தர், "ஒரு வருஷம் முன்னாடி முடிச்சிருக்கக் கூடாதா சார்?" என்று கேட்டார். போன வருஷம் பகுப்பாய்வில் வாங்கிய முப்பத்தெட்டு ஒருமுறை மனதில் வந்து போனது.

பட்டமளிப்பு விழாவுக்கு லீவு கொடுத்தார்கள். அன்றைக்கே அவளுடைய பள்ளியில் பொதுத்தேர்வு மேற்பார்வை. அவளால் வர முடியவில்லை. அவன் தனியாகப் போய், வாடகை அங்கி மாட்டி, வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டபோது மேடையேறினான். பல வருஷத்துக்குப் பிறகு சொந்தப் பெயரை அவ்வளவு சத்தமாகக் கேட்டதில் ஒரு நொடி வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டான். கீழே இறங்கினால் எங்கே பார்த்தாலும் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க வீட்டு ஆளுங்களைக் கூப்பிடுங்க சார், ஒரு படம் எடுத்துடலாம்" என்றார் புகைப்படக்காரர்.

"யாரும் வரலை."

பக்கத்தில் இன்னொருவர், ஐம்பதை நெருங்கியவர், அங்கி முழங்காலோடு நிற்க, தனியாக நின்றுகொண்டிருந்தார். "எனக்கும் யாரும் வரலைங்க" என்று தானாகவே முன்வந்தார். புகைப்படக்காரர் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து நில்லுங்களேன்."

நின்றார்கள். அவர் பஸ் கண்டக்டராம். "எனக்குப் பதினொரு வருஷம் ஆச்சு. உங்களுக்கு?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"எட்டு."

"அட, சீக்கிரமா முடிச்சுட்டீங்களே!"

படத்தில் டிகிரி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தான். அவள் பள்ளியிலிருந்து வரும் வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தான். வந்தவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் பட்டச் சான்றிதழை வாங்கி எழுத்துக்கூட்டுவதுபோல் முழுவதும் படித்தாள். பிறகு படத்தை எடுத்தாள்.

"இவர் யாரு?"

"கண்டக்டர்."

"பேரு?"

"கேக்கலை."

அவள் நெடுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லவேளை, இவராவது இருந்தாரே" என்றாள். பிறகுதான் கைப்பையை இறக்கினாள்.

படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டாள். நான்கு வருஷம் கழித்து அவன் ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் அது அங்கேயே தொங்கியது. வருகிறவர்கள் பக்கத்தில் நிற்பவர் யார், சொந்தக்காரரா என்று கேட்பார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பான். அதற்குள் அவள் சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "அவர் எங்க வீட்டுக்காரரோட காலேஜ்ல படிச்சவர்."